செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஹனுக்கா விளக்கேற்றல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஜெருசலேமில் நம் குடியிருப்பின் பொது வாசலில் 2024 டிசம்பர் 25 மாலை முதல் எட்டு இரவுகளும் யூதர்களின் விளக்குத் திருநாளான ஹனுக்காவுக்கு விளக்கேற்றினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இங்கே விளக்கைப் பற்றியே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் இரவு ஒன்று, பிறகு இரவுக்கு ஒன்று கூடுதல் என ஒரு விளக்கு வரிசைக்கு எட்டு இரவுகளில் 36 சுடர்கள், நாளுக்கொரு ஷமாஷ் (துணை விளக்கு) சேர்த்து 44. சிரியாவின் அலெப்போ நகர யூத மரபில் வந்த குடும்பங்கள் தினமும் இரண்டு ஷமாஷ் வைப்பதால் அவர்களுக்கு 52. திரிகளை வலமிருந்து இடமாக அடுக்கி, அன்று புதிதாகச் சேர்ந்த திரியை முதலில் ஏற்ற வேண்டும்.

இருட்டிய பின் அரை மணி நேரம் சுடர் நிற்க வேண்டும். சிக்கல் வெள்ளிக்கிழமைதான். அன்று மாலை தொடங்கும், தீ ஏற்றக்கூடாத ஓய்வுநாளான சப்பாத்தின் விளக்குக்கு முன்பே, மாலை 4 மணி சுமாருக்கு ஏற்றிவிடுவதால், ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கு எண்ணெய் வேண்டும். கடையில் விற்கும் சிறு மெழுகுவர்த்தி இருட்டுவதற்குள் கரைந்துவிடும். சப்பாத் தொடங்கிய பின் மீண்டும் ஏற்ற வழியில்லை. எண்ணெய் குறைவாக ஊற்றி ஏற்றினால் கடமை நிறைவேறாது. போதிய எண்ணெயோடு, காற்றுப் படாத இடத்தில் ஏற்றிய விளக்கு தற்செயலாக அணைந்தால் கடமை நிறைவேறியதாகவே கொள்ளப்படும். சாதாரண நாளாக இருந்தால் ஆசி சொல்லாமல் திரும்ப ஏற்றுவது நல்லது.

திரி நுனி நீண்டால் சுடர் பெரிதாகிப் புகை படியும், சூட்டில் கண்ணாடிக் கிண்ணம் விரிசல் விடலாம். எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடலாம். எண்ணெய் தீரும்போது சுடர் வெடித்துத் தெறிக்கிறது. வாசலில் வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே காற்றுத்துளை கட்டாயம். துளையை அடைத்தால் சுடர் மூச்சுத் திணறிப் போகும்.

சமையல் குழுவுக்கு நன்றி. எண்ணெயில் பொரிக்கும் வளையப் பலகாரமான மொரோக்கோ ஸ்ஃபெஞ்சுக்கு மாவு கையில் ஒட்டும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். கையை நனைத்துக்கொண்டே கிள்ளிப் போடலாம். எண்ணெய் 175–180 டிகிரிக்குக் குறைந்தால் மாவு எண்ணெயைக் குடிக்கும். போலந்து வழி உருளைக்கிழங்கு அடையான லட்கேவுக்குத் துருவிய உருளைக்கிழங்கைப் பிழிந்து, அந்த நீரின் அடியில் படியும் மாவை மட்டும் திரும்பச் சேர்த்தால் உதிராது. கொச்சியிலிருந்து வந்த குடும்பங்கள் நெய்யப்பம் சுட்டார்கள். துனிசியக் குடும்பப் பெண்கள் ஹனுக்காவுக்குள் வரும் யூத நாள்காட்டியின் தேவெத் மாதப் பிறப்பில் பெண்களுக்கான விருந்தைத் தாங்களே நடத்தினார்கள். இவ்விருந்து ஆண்டுதோறும் நடக்க வேண்டும் என்பது செயற்குழுவின் விருப்பம்.

வரும் ஹனுக்கா 2025 டிசம்பர் 14 ஞாயிறு மாலை தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை ஆறாம் இரவாக வருவதால் அன்று ஒரு ஷமாஷ் சேர்த்து ஒரு வரிசைக்கு ஏழு பெரிய கிண்ணங்கள் தேவை. ஒரு கிண்ணத்தை முன்கூட்டியே ஏற்றி, எவ்வளவு நேரம் எரிகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்த பிறகே மொத்தமாக வாங்க வேண்டும்.

செயலாளர்