ஆண்டறிக்கை 2025: கிளைக்கதை எழுதிய ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் கூடும் நம் வாசகர் வட்டம் சென்ற ஆண்டு 12 கூட்டங்கள் நடத்தியிருக்க வேண்டும். நடந்தவை 10. ஒன்றை மழை கெடுத்தது. இன்னொன்றின்போது அரங்கின் சாவி வைத்திருந்தவர் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சென்ற முறை தேநீர்ச் செலவைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லப்போய் ஒரு மணி நேரம் வீணானது. எனவே இம்முறை வாய் திறக்கப்போவதில்லை.

ஜனவரிக் கூட்டம் இரங்கல் கூட்டமாக அமைந்தது. 2024 டிசம்பர் 25 அன்று மறைந்த மலையாள எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயர் நம் மாவட்டத்துக் கூடல்லூர்க்காரர். பேச்சு இயல்பாகவே 'ரண்டாமூழம்' நாவலுக்குப் போயிற்று. பாரதக் கதை முழுவதையும் பீமன் பக்கம் நின்று சொன்ன நாவல் அது. "பீமனுக்கு ஒருவர் கிடைத்தார். நம் புத்தகங்களில் வாய் திறக்காமல் நிற்கிறவர்கள் இன்னும் எத்தனை பேர்?" என்று டீச்சர் கேட்டார். அப்படி நிற்கிறவர்களை வைத்து நாமே கதை எழுதுவது என்று சென்ற ஆண்டு நாம் செய்த வேலை முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்து வந்ததுதான்.

முதல் தகராறு பெயரில். பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து வாசகரே எழுதும் கதைக்கு இளைஞர்கள் 'ஃபேன் ஃபிக்ஷன்' என்று ஓர் ஆங்கிலப் பெயர் சொன்னார்கள். அதை 'விசிறிப் புனைவு' என்று ஒருவர் தமிழாக்கினார். இந்த ஊரில் விசிறி என்றால் பனையோலை விசிறிதான் நினைவுக்கு வருகிறது. 'ரசிகர் கதை' என்றால் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றும் கதை போலிருக்கிறது. பாரதத்துக்குள்ளேயே புழங்கும் 'கிளைக்கதை' என்ற சொல் இருக்கும்போது ஏன் அலைய வேண்டும் என்று மாஷ் (ஆசிரியரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) சொன்னதும் சண்டை ஓய்ந்தது.

சொந்தமாகக் கற்பனை இல்லாதவன் செய்கிற வேலை இது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுதிக் கொடுத்த ஆட்சேபம் குறிப்பேட்டில் இருக்கிறது. அவரையும் அழைத்துக்கொண்டு பிப்ரவரியில் ஒரு பகவதி கோயில் கூத்துமாடத்துக்குத் தோல்பாவைக்கூத்து பார்க்கப் போனோம். திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள். பாவையாட்டுகிறவருக்கு இங்கே புலவர் என்று பெயர். அவர் கம்பன் பாட்டு ஒன்றைப் பாடுவார். பிறகு தமிழும் மலையாளமும் கலந்து அதற்கு விளக்கம், எதிர்க்கேள்வி, இடையில் ஒரு பழங்கதை என்று நீட்டிக்கொண்டே போவார். தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் காளி இராவணவதத்தைப் பார்க்கவில்லையாம். அவளுக்காகத்தான் ஆண்டுதோறும் இந்தக் கூத்து என்பது ஐதீகம். எதிரே உட்கார்ந்திருந்த மனிதர்கள் நாங்கள் ஏழு பேர்தான். மூத்தவர் விடியும் வரை கண் மூடவில்லை. ஆட்சேபத்தை அவர் திரும்பப் பெறவும் இல்லை.

மார்ச்சில் ஒரு விதி வகுத்தோம். கதையை எழுதும் முன், மூல நூலில் எந்தப் பக்கத்தில் எந்த இடைவெளி உங்களை உறுத்துகிறது என்று ஒரே வரியில் எழுதித் தர வேண்டும். பக்க எண் கட்டாயம். இந்த விதியால் ஆறு பேர் விலகினார்கள். மிஞ்சியவர்கள் மூல நூலை மறுபடியும் படிக்க வேண்டியதாயிற்று. ஒருவர் மூன்று மாதம் படித்துக்கொண்டே இருந்து ஒன்றும் எழுதவில்லை. அவர் மீது எனக்குப் புகார் இல்லை.

முன்மாதிரியாகப் புதுமைப்பித்தனின் 'சாபவிமோசன'த்தைச் சேர்ந்து வாசித்தோம். 1943இல் வந்த கதை. இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். கம்பனில் இருக்கும் இரண்டு சம்பவங்களையும் அவர் மாற்றவில்லை. ஒன்றின் செய்தியை மற்றதில் இருப்பவளின் காதில் போட்டார், அவ்வளவுதான். இதை டீச்சர் கரும்பலகையில் இரண்டு வட்டமும் ஒரு கோடுமாகப் போட்டுக் காட்டியது பலருக்கும் உதவியது.

'பொன்னியின் செல்வ'னில் மட்டும் ஐந்து கதைகள் வந்தன. தையற்கடை வைத்திருக்கும் உறுப்பினர் குடந்தை சோதிடரின் சீடனை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று ஆளை மறிப்பதுதான் அவனுக்கு வேலை. கதையின் முதல் படியில், அதாவது முதல் வரைவில், அவன் ஒற்றன். இடுப்பில் கத்தி, இரவில் குதிரை. இரண்டாம் படியில் கத்தி போயிற்று. மூன்றாம் படியில், உள்ளே சொல்லப்படும் எதிர்காலத்தில் பாதியை மட்டுமே கேட்கக் கிடைத்தவனாக அவன் கதவோரம் நின்றான். கதையும் அங்கேதான் நின்றது. இன்னொரு கதையில் வந்தியத்தேவனுக்கு ஓர் அறிவாளி நண்பன் முளைத்து எல்லாச் சிக்கலையும் அவிழ்த்துவிட்டான். வந்தியத்தேவன் கடைசி வரை குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த நண்பனின் நடையுடை எழுதியவரைப் போலவே இருப்பதைக் கூட்டம் கண்டுபிடித்துவிட்டது. எழுதியவர் இந்த அறிக்கையை உங்கள் முன் வாசித்துக்கொண்டிருப்பவர்.

ஓய்வு பெற்ற நடத்துநர் எழுதியதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். பல ஆண்டுகள் தமிழ்நாட்டு பஸ்ஸில் எல்லை தாண்டி வந்துபோனவர் அவர். எடுத்துக்கொண்டது ஓ.வி. விஜயனின் மலையாள நாவல் 'கசாக்கின் இதிகாசம்', யூமா வாசுகியின் தமிழில். மூல நாவல் 1969இல் நூலாக வந்தது. கதைக்களத்துக்கு அடிப்படையான தஸ்ராக் கிராமம் நமக்குத் தொலைவில்லை. கடைசியில் நாவலின் நாயகன் ரவி கூமன்காவு என்ற இடத்தில் மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறான், பாம்பு தீண்டுகிறது, காத்தபடியே படுத்திருக்கிறான். "அந்த பஸ் வந்ததா?" என்பதுதான் நடத்துநர் தந்த ஒரு வரி.

முதல் படியில் பஸ் வந்தது, ரவியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தது, அவன் பிழைத்தான். ஒருவரும் பேசவில்லை. "பிழைக்க வைத்துவிட்டு அந்த நாவலை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள் அண்ணா?" என்று தையற்கடைக்காரர்தான் கேட்டார். இரண்டாம் படியில் ரவி பிழைக்கவில்லை, ஆனால் கதையில் வரும் நடத்துநர் விசில் ஊதினார். இங்கே கேரள பஸ்ஸில் மணிக்கயிறல்லவா, ஒற்றை மணிக்கு நிற்கும், இரட்டை மணிக்குப் புறப்படும் என்று மாஷ் திருத்தினார். தன் 30 ஆண்டுப் பழக்கம் கை வழியாக வந்துவிட்டதாக நம் நடத்துநர் வெட்கப்பட்டார். ஆனால் அந்தத் திருத்தம்தான் கதையைத் திறந்தது. நான்காம் படியில் மழைக்குப் படுதாக்கள் இறங்கியிருக்கின்றன. யாரோ கிடக்கிறார்கள் என்று ஒரு கிழவி சொல்கிறாள். கள் மிகுந்த பனங்காட்டில் அது புதிதா என்று நினைத்து நடத்துநர் கயிற்றை இரண்டு முறை இழுக்கிறார். ரவியின் பெயர் கதையில் எங்குமே இல்லை.

வாசித்து முடித்த பிறகு, தன் பணிக்காலத்தில் ஒரு மழை இரவில் தானும் அப்படி விசில் ஊதியது உண்டு என்றார் நம் நடத்துநர். கிடந்தவர் யார், என்ன ஆனார் என்று தெரியாதாம். அன்றைய குறிப்பேட்டில் 'தேநீர் வழங்கப்படவில்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அச்சிடுவது குறித்து: ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை அவர் வாரிசுகளுடையது. கல்கி 1954இலும் புதுமைப்பித்தன் 1948இலும் மறைந்தார்கள், எனவே அவர்களைத் தொட்டு எழுதியவை நம் ஆண்டு மலரில் வரும். விஜயன் 2005இல் மறைந்தார். நடத்துநரின் கதை நோட்டிலேயே இருக்கும், கூட்டத்தில் கேட்டால் வாசிப்பார். மலரில் போடலாம், யார் பார்க்கப்போகிறார்கள் என்று சிலர் சொன்னதைச் செயற்குழு ஏற்கவில்லை.

வட்டத்தின் நூல்களில் நான்கு இன்னும் திரும்பவில்லை. அவற்றுள் 'கசாக்கின் இதிகாசம்' நடத்துநரிடம் இருக்கிறது. ஐந்தாம் படி எழுதுகிறாராம். அதற்குத் தவணை நீட்டித்திருக்கிறேன். மற்ற மூன்றையும் இம்மாத இறுதிக்குள் தந்துவிடுமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பேரவையின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்