ஜிக்சா வாங்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்தது முதல் நவராத்திரி வரையிலான நாட்களில், வீட்டுக்குக் கொலுப்படி செய்ய வேண்டும், பேரப்பிள்ளைகளுக்கு மரப்பொம்மை அறுத்துக் கொடுக்க வேண்டும் என்று முதன்முறையாக மரவேலையில் இறங்குபவர்கள் எங்கள் கடைக்கு நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "இதில் எது அதிக வாட்?" என்பதாகவே இருக்கிறது. கல்லா முன் நின்றபடி இரண்டு வார்த்தையில் அதற்குப் பதில் சொல்லி அனுப்பிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. பொழுதுபோக்காக மரவேலை செய்பவர், மரத்தை நேராகவும் வளைவாகவும் அறுக்கும் கை மின்ரம்பமான ஜிக்சாவை வாங்கும்போது, அதன் பிளேடு எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதை முதலிலும் வாட்டைக் கடைசியிலும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதற்கான காரணத்தை விளக்கமாகச் சொல்லவே இம்மடலை எழுதுகிறோம்.

இந்தக் கருவி பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் காரணம் எளிதில் விளங்கும். 1946ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் சோலோத்தர்ன் நகரில் இருந்த சின்டில்லா நிறுவனத்தின் பொறியாளர் ஆல்பர்ட் காஃப்மன், தம் மனைவியின் தையல் இயந்திரத்திலிருந்து ஊசியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரம்பத் தகட்டை மாட்டிப் பார்த்தார். மறு ஆண்டே அது கையில் பிடித்து அறுக்கும் கருவியாக விற்பனைக்கு வந்தது. தையல் ஊசியைப் போலவே ஜிக்சாவின் பிளேடும் மேல்முனையில் மட்டுமே பிடிக்கப்பட்டிருக்கிறது. கீழ்முனைக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. துணி ஊசியை எதிர்ப்பதில்லை, மரமோ எதிர்க்கும். நார் ஓடும் திசைக்குப் பிளேடை இழுக்கும், கணு வந்தால் ஒரு பக்கமாகத் தள்ளும், வளைவில் திருப்பும்போது முறுக்கும். மேலே பென்சில் கோட்டின் மீது துல்லியமாகப் போய்க்கொண்டிருக்கும் பிளேடு, பலகையின் அடிப்பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டர் விலகி ஓடுவது இதனால்தான்.

இந்த விலகலை எங்கள் கடை மேசையிலேயே நேரில் காட்டுகிறோம். 18 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றை கிளாம்பு போட்டு இறுக்கி, சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து ஒரு வளைவு வரைந்து, ஒரே வகையான புதுப் பிளேடை இரண்டு கருவிகளில் மாட்டி அடுத்தடுத்து அறுத்து, அறுபட்ட விளிம்பில், 90 டிகிரியைச் சரிபார்க்கும் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடிக்கிறோம். நல்ல கருவி அறுத்த விளிம்பில் மட்டத்துக்கும் மரத்துக்கும் இடையே வெளிச்சம் தெரியாது. மற்றதில் மேலே ஒட்டி, கீழே போகப்போக அகலும் ஒரு வெளிச்சக் கீற்று தெரியும். அந்தக் கீற்றைக் கண்ணால் பார்த்த பிறகு வாட்டைப் பற்றி மறுபடி கேட்பவர்கள் குறைவு.

இதை நாங்களும் தாமதமாகவே கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன், பெயர் தெரியாத மலிவான மாடல் ஒன்றை, அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த அதிக வாட்டை நம்பிக் கணிசமான எண்ணிக்கையில் விற்றோம். மோட்டார் நன்றாகவே ஓடியது. ஆனால் சில மாதங்களிலேயே, பிளேடைப் பிடித்து ஏறி இறங்கும் தண்டு தேய்ந்து பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. அறுப்பு கோணலாக வருகிறது என்று ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். அறுத்துச் சோதித்துப் பார்க்காமல் விற்றது எங்கள் தவறு. அன்றிலிருந்து எந்த மாடலையும் நாங்கள் அறுத்துப் பார்க்காமல் அலமாரியில் வைப்பதில்லை.

ஆகவே, எங்கள் கடையில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும், மின்இணைப்பு கொடுக்காத நிலையில் மூன்று இடங்களைத் தொட்டுப் பாருங்கள். பிளேடை மாட்டி, அதன் நுனியைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுங்கள். பிளேடு சற்று வளைவது இயல்பு, ஆனால் அதைப் பிடித்திருக்கும் தண்டே ஆடினால் அந்தக் கருவி வேண்டாம். அடுத்து, பிளேடின் முதுகைத் தாங்கும் சிறு உருளையைப் பாருங்கள். அதன் பள்ளத்தில் பிளேடின் முதுகு சரியாக உட்கார வேண்டும், உருளை தடையில்லாமல் சுழல வேண்டும். மூன்றாவது, மரத்தின் மேல் வழுக்கிச் செல்லும் அடித்தட்டு. மெல்லிய தகட்டை மடித்துச் செய்த தட்டு, கருவி ஒருமுறை கைதவறி விழுந்தாலே கோணிவிடும். கெட்டியான அலுமினிய வார்ப்புத் தட்டு பல ஆண்டுகள் மட்டமாக இருக்கும். தட்டைச் சாய்த்து அறுக்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. சாய்த்துவிட்டு மறுபடி நேராக்கும்போது 90 டிகிரிக்குத் தானே வந்து நிற்கிறதா என்பதை மூலைமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு அடுத்தபடியாக வேகக் கட்டுப்பாடும் ஆர்பிட்டல் நெம்புகோலும் அவசியம் என்று கருதுகிறோம். ஆர்பிட்டல் என்பது, பிளேடு மேலேறும்போது அதைச் சற்று முன்னோக்கியும் தள்ளும் ஏற்பாடு. பெரும்பாலான கருவிகளில் 0 முதல் 3 வரை நான்கு நிலைகள் இருக்கும். 3இல் வைத்தால் மரத்தூள் வேகமாக வெளியேறி அறுப்பு விரைந்து நடக்கும், ஆனால் விளிம்பு சிராய்த்து நிற்கும். வளைவு, பிளைவுட், மைக்கா ஒட்டிய பலகை, உலோகத் தகடு ஆகியவற்றுக்கு 0 போதும். தடித்த கட்டையை நேராக அறுக்கும்போது மட்டும் 2, 3 என்று ஏற்றுங்கள். வேகத்தைக் குறைக்க முடியாத கருவியில் அக்ரிலிக் தகட்டை அறுத்தால், சூட்டில் அது உருகிப் பிளேடுக்குப் பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

வாட்டுக்கு வருவோம். 450 வாட் அளவிலான சிறிய கருவி, வீட்டில் செய்யும் அலமாரி, கொலுப்படி, பெயர்ப்பலகை, பொம்மை எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும். அவ்வகைக் கருவிகளில் பிளேடு ஏறி இறங்கும் தூரம் பெரும்பாலும் 18 மி.மீ. ஆக இருக்கும், தொழில்முறையாளர்களுக்கான பெரிய கருவிகளில் அது 26 மி.மீ. வரை போகும். இந்தத் தூரம் கூடக்கூட ஒவ்வொரு வீச்சிலும் அதிகப் பற்கள் வேலை செய்வதால் தடித்த மரத்தில் வேகமும் கிடைக்கும், பிளேடும் குறைவாகச் சூடேறும். வாரத்துக்கு நான்கு நாள் கட்டை அறுப்பவருக்கு அது பயன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்பவருக்கு அந்தக் கூடுதல் எடை கைவலியையே தரும். "மரத்தில் 65 மி.மீ. வரை அறுக்கும்" என்று பெட்டியில் போட்டிருப்பது கருவி எட்டும் எல்லையைத்தான் குறிக்கிறது, செங்குத்தான, சுத்தமான விளிம்பு வேண்டுமானால் 30 மி.மீ.க்கு மேல் ஜிக்சாவை நம்பாதீர்கள் என்றே சொல்வோம்.

கைப்பிடியில் இரண்டு வகை உண்டு. மேலே வளையம்போல் கைப்பிடி உள்ளது ஒன்று. உடலையே உருளையாகப் பிடித்துக்கொள்வது மற்றொன்று. இரண்டாவதில் கை மரத்துக்கு அருகிலேயே இருப்பதால் வளைவுகளில் கட்டுப்பாடு கூடும். பழகியவர்கள் அதைப் பலகைக்கு அடியிலிருந்தும் பிடித்து அறுப்பார்கள். ஆனால் கை சிறியதாக உள்ளவர்களுக்கு அது பிடிக்கச் சிரமமாக இருக்கிறது. முதல் கருவியாக வாங்குபவர்களுக்கு வளையக் கைப்பிடியையே பரிந்துரைக்கிறோம். பேட்டரிக் கருவியைப் பொறுத்தவரை, அதே நிறுவனத்தின் டிரில் உங்களிடம் ஏற்கனவே இருந்து, பேட்டரியும் பொருந்துமானால் வாங்கலாம். பேட்டரியையும் சார்ஜரையும் இதற்காகவே புதிதாக வாங்க வேண்டும் என்றால் வயர் உள்ள கருவியே சிக்கனம்.

மிச்சமாகும் பணத்தைப் பிளேடில் போடுங்கள். இதை நாங்கள் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் கருவியோடு இலவசமாக வரும் ஒற்றைப் பிளேடிலேயே ஆண்டுக்கணக்கில் அறுத்துவிட்டு, கருவி சரியில்லை என்று கொண்டுவருபவர்கள் பலர். இன்றைய கருவிகள் ஏறத்தாழ அனைத்தும் டி (T) வடிவ முனையுள்ள பிளேடையே ஏற்கின்றன, ஆகவே எந்த நிறுவனத்தின் பிளேடையும் எதிலும் மாட்டலாம். போஷ் பிளேடுகளில் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்: ஏ (A) என்றால் நெருக்கமான பல், பி (B) நடுத்தரம், டி (D) மிக அகன்ற பல், ஓ (O) இருந்தால் வளைவுக்கான ஒடுங்கிய பிளேடு, ஆர் (R) இருந்தால் பற்கள் கீழ்நோக்கியவை. 18 மி.மீ. பிளைவுட்டைச் சுத்தமாக அறுக்க டி 101 பி (T 101 B), மெல்லிய பலகையில் நெளிவு சுளிவுகளுக்கு டி 101 ஏஓ (T 101 AO), கட்டையை விரைவாக அறுக்க டி 144 டி (T 144 D). இந்த மூன்றும் கையில் இருந்தால் வீட்டுவேலையில் அநேகமாக எதுவும் நிற்காது. தேக்கில் இயல்பாகவே உள்ள சிலிக்காவும் பிளைவுட்டின் பசையும் பற்களை விரைவில் மழுங்கடிப்பவை. அறுக்கும்போது நீங்கள் தள்ள வேண்டியிருந்தாலோ, விளிம்பு கருகி மணம் வந்தாலோ, பிளேடை அப்போதே மாற்றிவிடுங்கள். தள்ளத் தள்ளத்தான் பிளேடு வளைந்து அடிப்பக்கம் விலகுகிறது.

சாதாரணப் பிளேடின் பற்கள் மேல்நோக்கி இருப்பதால் அது மேலேறும்போதுதான் அறுக்கிறது. சிராய் மேல்பக்கத்தில் பெயரும். எனவே பலகையின் அழகான முகத்தைக் கீழே வைத்து, பின்பக்கத்தில் கோடு போட்டு அறுங்கள். அப்படிக் கவிழ்க்க முடியாத இடத்தில், மைக்கா ஒட்டிய மேடைப்பலகை போன்றவற்றுக்கு, டி 101 பிஆர் (T 101 BR) என்ற கீழ்நோக்கிய பல் உள்ள பிளேடைப் பயன்படுத்தலாம். அது கருவியை மேலே உதைக்கும் என்பதால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஜிக்சாவே தேவைப்படாதவர்களும் எங்களிடம் வருகிறார்கள். முழு பிளைவுட் ஷீட்டை நேர்கோட்டில் கிழிப்பது மட்டுமே உங்கள் வேலை என்றால் வட்ட ரம்பம்தான் சரி. எழுத்துகளையும் பூவேலைப்பாட்டையும் மெல்லிய பலகையில் குடைய விரும்புபவருக்கு, பிளேடை மேலும் கீழும் இரு முனைகளிலும் பிடிக்கும் மேசை ஸ்க்ரோல் சா பொருத்தமானது. அவர்களிடம் ஜிக்சாவை விற்க மாட்டோம்.

உங்களிடம் ஏற்கனவே உள்ள ஜிக்சா கோணலாக அறுத்தால், புதிது வாங்கும் முன் அதை எடுத்து வாருங்கள். உருளையையும் அடித்தட்டையும், மோட்டாரில் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்ஷையும் கட்டணமின்றிப் பார்த்துச் சொல்கிறோம். புதிதாக வாங்க விரும்புபவர்கள் சனிக்கிழமை மாலைகளில் வந்தால், மேசையில் இருக்கும் கருவிகளில் உங்கள் கையாலேயே அறுத்துப் பார்க்கலாம். நீங்கள் வேலை செய்யப்போகும் மரத்திலேயே ஒரு சாண் துண்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்