வேலை அறிவிப்பை முதலில் படிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பகுதியில், நேர்காணலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கான மாதிரிப் பதில்களையும் தொடர்ந்து வெளியிட்டு வருகிறீர்கள். இளைஞர்கள் மீதுள்ள அக்கறையே அதற்குக் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தபோது பல ஆண்டுகள் தேர்வுக்குழுவில் அமர்ந்தவன் என்ற முறையில், அத்தகைய பதில்கள் விண்ணப்பதாரர்களுக்குக் கைகொடுத்ததைவிட அவர்களைக் கைவிட்டதையே அதிகம் கண்டிருக்கிறேன் என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

"கூட்டாகப் பணியாற்றுவதில் ஆர்வம் உடையவன்" என்று ஒருவர் சொன்னால், "அப்படிச் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள், அதில் உங்கள் பங்கு என்ன?" என்றுதான் அடுத்து கேட்போம். மனப்பாடம் அந்த இடத்தோடு நின்றுவிடும். அவருக்குத் திறமை இல்லை என்று இதற்குப் பொருளல்ல. தாம் செய்த வேலையைத் திரும்பிப் பார்க்க யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

தயாரிப்பு வேலை அறிவிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரும்பாலானோர் அதில் சம்பளத்தையும் கல்வித் தகுதியையும் கடைசித் தேதியையும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள். ஆனால் முதலில் குறிப்பிடப்பட்டிருக்கும் பொறுப்பு எது, இரண்டு இடங்களில் திரும்ப வரும் சொல் எது, 'கட்டாயம்' என்று எதைச் சொல்கிறார்கள், 'இருந்தால் நல்லது' என்று எதைச் சொல்கிறார்கள் என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தால், அந்த நிறுவனத்துக்கு இப்போது எங்கே வலிக்கிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும். மாத இறுதிக் கணக்கு முடிப்பு என்று இரண்டு முறை எழுதியிருக்கிறார்கள் என்றால், அங்கே கணக்கு முடிக்கத் தாமதமாகிறது என்று ஊகிக்கலாம். அந்த வரிக்கு நேரே, தாம் முன்பு செய்த வேலை ஒன்றை, என்ன நிலைமை இருந்தது, தாம் என்ன செய்தார், என்ன விளைந்தது என்ற வரிசையில் எழுதிவைத்துக்கொண்டவருக்கு மாதிரிப் பதில் தேவைப்படாது.

இதை என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. எல்லா விண்ணப்பதாரர்களிடமும் வேலையோடு தொடர்புடைய ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்கூட்டியே வகுத்த அளவுகோலின்படி மதிப்பெண் இடும் நேர்காணல் முறை இன்று பல நிறுவனங்களில் பரவியிருக்கிறது. பால் சாக்கெட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் பழைய ஆய்வுகளை மறுபரிசீலனை செய்து 2022இல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவர் பணியில் எப்படிச் செயல்படுவார் என்பதை முன்கூட்டிக் கணிக்கும் வழிகளில் இம்முறையே முதலிடத்தில் நின்றது. இத்தகைய நேர்காணலில் சரளமான பேச்சு மட்டும் மதிப்பெண் பெற்றுத் தராது. நடந்த ஒன்றைத் தெளிவாகச் சொல்பவருக்கே மதிப்பெண் கிடைக்கும்.

அடுத்தது நிறுவனத்தைப் பற்றிய ஆய்வு. நிறுவனம் எந்த ஆண்டில் தொடங்கப்பட்டது, தலைவர் யார் என்று ஒப்பிப்பதை ஆய்வு என்று நான் சொல்லமாட்டேன். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமானால் அதன் ஆண்டறிக்கை அதன் இணையதளத்திலேயே கிடைக்கும். எந்தப் பிரிவிலிருந்து வருவாய் அதிகம் வருகிறது, கடன் எவ்வளவு, தணிக்கையாளர் எதைக் குறிப்பாகச் சுட்டுகிறார் என்பதை ஒரு மாலைப் பொழுதில் பார்த்துவிடலாம். சிறிய நிறுவனமானால் அது எதை விற்கிறது, யார் வாங்குகிறார்கள், போட்டி யாரிடமிருந்து வருகிறது என்று விசாரித்து அறிய வேண்டும். (தேர்வுக்குழுவினரின் குடும்பப் படங்களைச் சமூக ஊடகத்தில் தேடுவது ஆய்வு ஆகாது. அவர்களுடைய பணிப் பின்னணி தெரிந்தால் போதும்.)

ஒரு பெண்ணை இன்னும் மறக்கவில்லை. கணக்குத் தரநிலை, அதாவது கணக்கு எழுதுவதற்கான விதிமுறை, பற்றிய முதல் கேள்விக்கு அவர் தடுமாறினார், "தெரியவில்லை, பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்" என்று நேராகவே சொன்னார். இறுதியில், ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்றபோது, அனுமதி பெற்று ஒரு சிறு குறிப்பேட்டைத் திறந்தார். "இரண்டு ஆண்டுகளாக உங்கள் விற்பனை கூடியிருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய நிலுவை அதைவிட வேகமாகக் கூடியிருக்கிறது. அவர்கள் பணம் செலுத்தும் கெடுவை நீட்டித்தீர்களா, அல்லது வசூல் தாமதமாகிறதா?" என்று கேட்டார். எங்கள் நிதித் தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மாதம் முழுவதும் எங்களை வாட்டிக்கொண்டிருந்த பிரச்சினை அது. அதன்பிறகு நடந்தது ஒரே அலுவலகத்தில் இருப்பவர்கள் பேசிக்கொள்வதைப் போலவே இருந்தது. அவரையே தேர்ந்தெடுத்தோம்.

தன்விவரக் குறிப்பையும் மீண்டும் ஒருமுறை படித்துவிட்டு வர வேண்டும். ஒரு வாரப் பயிற்சியில் தொட்டுப் பார்த்த மென்பொருளைத் 'தேர்ச்சி உண்டு' என்ற தலைப்பில் எழுதிவிட்டு, அதில் ஓர் எளிய கேள்வி கேட்டதும் முகம் வெளுத்துப்போனவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்கள் சொன்ன உண்மைகளையும் குழு சந்தேகத்தோடுதான் கேட்டது.

பொறுப்பு விண்ணப்பதாரர்களுக்கு மட்டும் உரியதன்று. பழைய அறிவிப்பை அப்படியே பிரதி எடுத்து வெளியிடுவதும், முதல் நாள் மாலை அழைத்து மறுநாள் காலை வரச் சொல்வதும், யார் நேர்காணல் செய்வார்கள் என்பதைக்கூடத் தெரிவிக்காமல் இருப்பதும் நியாயமல்ல. நாங்களும் அப்படிச் செய்திருக்கிறோம். தயாராக நேரமே தராமல், தயாராக வரவில்லை என்று ஒருவரை நிராகரித்ததை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. குறைந்தது நான்கைந்து நாள் அவகாசமும், பொறுப்புகளைத் தெளிவாகச் சொல்லும் ஒரு பக்கக் குறிப்பும் தருவது எந்த நிறுவனத்துக்கும் பாரமாகாது.

எனவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். மாதிரிப் பதில்கள் வரும் இடத்தில், வாரம் ஒருமுறையாவது, வெளியான ஒரு வேலை அறிவிப்பை எடுத்துக்கொண்டு, அதை வரிவரியாக எப்படிப் படிப்பது, நிறுவனத்தைப் பற்றி எங்கே தேடுவது, குழுவிடம் என்ன கேட்பது என்று அந்தந்தத் துறையில் பணியாற்றுபவர்களைக் கொண்டே எழுதச் செய்யுங்கள். கணக்குத் துறைக்கான முதல் சில பகுதிகளை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு மேலாளர் ஒருவர்