லிஃப்டில் சுண்டலுக்கும் இடம் கொடுங்கள்

நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பி பிளாக் நான்காவது மாடியிலிருந்து எழுதுகிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கும் சுண்டலைத் தெரியும். பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். மூன்று வருடத்துக்கு முன் அடைமழையில் நம் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நனைந்து கிடந்த நாட்டு நாய்க்குட்டி.

'நாய்களுக்கு லிஃப்டில் அனுமதி இல்லை, மீறினால் அபராதம் ரூ. 500' என்ற அறிவிப்பை நீங்கள் ஒட்டி ஐந்து வாரம் ஆகிறது. யார் புகார் கொடுத்தார்கள், கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அறிவிப்பு ஒட்டிய ஒன்பதாவது நாள் சாயங்காலம் என் மகளுக்கு லிஃப்டுக்குள் வலிப்பு வந்ததும், நெற்றியில் நாலு தையல் போட்டதும்கூடத் தெரியும். கேமரா பதிவை நீங்களே உட்கார்ந்து பார்த்தீர்கள். ஆனால் நம் கேமராவில் சத்தம் பதிவாவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். என் மகள் லிஃப்டில் போகும்போது சுண்டலும் அவளோடு போக அனுமதியுங்கள்.

அவளுக்கு ஒன்பது வயது. நாலு வயதில் முதல் வலிப்பு. காலையிலும் இரவிலும் இரண்டு வகை மருந்து, வேளை தவறியதில்லை. சரியான சிகிச்சை கிடைத்தால் வலிப்பு நோய் உள்ளவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மீதிப் பேரில் இவளும் ஒருத்தி. மாதத்துக்கு மூன்று, நான்கு தடவை வரும். எப்போது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அந்த 'எப்போது'வைச் சுற்றித்தான் எங்கள் வீடே நடக்கிறது. குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அடுப்புப் பக்கம் அவளை விடுவதில்லை. இரவில் நானும் அவள் அப்பாவும் முறை வைத்துத்தான் தூங்குகிறோம்.

சுண்டல் விஷயத்தை முதலில் கவனித்தது என் மாமியார். "பிள்ளைக்கு வர்றதுக்கு முந்தி இவன் ஒரு மாதிரி பண்றாம்மா" என்றார். நான் நம்பவில்லை. மருத்துவருக்காக வலிப்பு வந்த தேதி, நேரம், எத்தனை நிமிஷம் என்று ஒரு நோட்டில் குறித்துவைப்பேன். அதிலேயே நாய்க்கும் ஒரு கட்டம் போட்டேன். முனகிக்கொண்டே அவளுடைய இடது கையை நக்குவான். அவள் எழுந்தால் குறுக்கே வந்து நிற்பான். உட்கார்ந்துவிட்டால் மடியில் தலையை வைத்து அழுத்துவான். பத்து நிமிஷமோ கால் மணி நேரமோ கழித்து அவளுக்குக் கண் மேலே சொருகும். நோட்டின் கடைசிப் பதினோரு வரிகளில் ஏழில் அவன் முன்கூட்டியே சொல்லியிருக்கிறான். நாலில் சொல்லவில்லை. அந்த நாலையும் மறைக்காமல்தான் எழுதுகிறேன்.

அவனை யாரும் இதற்குப் பழக்கவில்லை. வலிப்பு வந்த பிறகு குரைத்து ஆளைக் கூப்பிடவும் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளவும் நாயைப் பழக்கலாம். வருவதற்கு முன்பே சொல்வது வேறு சங்கதி. அது சில நாய்களுக்கு, அந்த ஆளோடு கூடவே வாழ்ந்து, தானாக வருகிறது. கனடாவின் கல்கரி நகரத்து மருத்துவர்கள் வலிப்பு உள்ள பிள்ளைகளின் வீடுகளில் விசாரித்து 2004இல் வெளியிட்ட ஆய்விலும் இப்படிப்பட்ட வீட்டு நாய்கள் வருகின்றன. 2019இல் பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், வலிப்பின்போது எடுத்த மூச்சு, வியர்வை மாதிரிகளை மற்ற நேரத்து மாதிரிகளோடு கலந்துவைத்து ஐந்து நாய்களை மோப்பம் பிடிக்க விட்டார்கள். வலிப்புக்கென்று ஒரு வாசனை உண்டு என்பது அதில் தெரியவந்தது. சின்ன ஆய்வுதான், பெரிதாகக் கொண்டாட ஒன்றுமில்லை. எங்கள் மருத்துவர் சொன்னது அதைவிட உருப்படியானது: "நாயை நம்பி மாத்திரையை நிறுத்திடாதீங்க. ஆனா நாய் சொன்னா பிள்ளையைத் தரையில உட்கார வைங்க." இந்த மூன்று வருடத்தில் அவளுக்கு முன்பல் உடையாமல் இருப்பது இந்த இரண்டாவது வாக்கியத்தால்தான்.

அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

அறிவிப்புக்குப் பிறகு எங்கள் ஏற்பாடு இது: மகளோடு நான் லிஃப்டில், சுண்டலோடு அவள் அப்பா படியில். எல்லோரும் படியிலேயே போகலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எழுபத்திரண்டு படி, சார். அவள் நடுப்படியில் விழுந்தால் நாலு தையலோடு போகாது.

சுண்டலுக்கு இந்த ஏற்பாடு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. லிஃப்ட் கதவு முன்னால் நின்று முனகுவான், அவள் பாவாடையைக் கவ்வுவான், கையை நக்குவான். தினமும் இரண்டு வேளை, எட்டு நாளும் இதே கதைதான். ஒன்பதாவது நாளும் முனகினான். கையை நக்கினான். குறுக்கே நின்றான். தினமும் நடக்கிற ரகளைதானே என்று நினைத்து, "சும்மா இருடா" என்று அதட்டினேன். வாட்ச்மேன் அண்ணன் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டார். பக்கத்தில் நின்ற ஒருவர், "பாருங்க, இதுக்குத்தான் ரூல் போட்டது" என்றார்.

இந்த இடத்தைச் செயற்குழு தயவுசெய்து இன்னொரு தடவை படிக்க வேண்டும். மூன்று வருடமாக நாங்கள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துப் பழகிய ஒரு பாஷையை உங்கள் ஒற்றைக் காகிதம் எட்டே நாளில் குழப்பிவிட்டது. எது பிரிகிறபோது அழுகிற அழுகை, எது எச்சரிக்கை என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. அன்றைக்கு நாய் தவறவில்லை. நான் தவறினேன். என்னைத் தவறவைத்தது எது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மாடி தாண்டும்போது விழுந்தாள். கிரில் கதவின் கைப்பிடியில் நெற்றி பட்டது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே என் துப்பட்டாவைச் சுருட்டி வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலிப்பின்போது பிடித்து அழுத்தக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷம் தாண்டினால் மூக்கில் அடிக்கிற மருந்து கைப்பையில் எப்போதும் இருக்கும். நான்காவது மாடியில் லிஃப்ட் நின்றதும் காற்றுக்காகக் கதவைத் திறந்தேன். உடனே நம் லிஃப்ட் ஆரம்பித்தது: "ப்ளீஸ் க்ளோஸ் த டோர்." அதோடு அந்தப் பாட்டு. மறுபடி "ப்ளீஸ் க்ளோஸ் த டோர்." மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. மூன்றாவது மாடியிலிருந்து யாரோ கிரில்லைத் தட்டி "லிஃப்ட்! லிஃப்ட்!" என்று கத்தினார். படியில் சுண்டல் குரைத்துக்கொண்டே ஓடி வருகிற சத்தம் கேட்டது. கேமராவில் இல்லாத சத்தம் இவ்வளவுதான். அந்த ஐந்து வாரத்தில் சங்கத்தின் சொத்து ஒன்று என்னிடம் 'ப்ளீஸ்' போட்டுப் பேசியது அப்போது மட்டும்தான்.

வாட்ச்மேன் அண்ணன் சாவிக்கொத்தோடு மூச்சிரைக்க ஓடி வந்தார், அவள் கையில் இரும்பு கொடுக்க. நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. இரும்பால் வலிப்பு நிற்காது, அதுவாகத்தான் அடங்கும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பொங்கல் விழாவுக்கு லெமன் ஸ்பூன் நடத்துகிற சங்கம் அரை மணி நேரம் ஒதுக்கி இதையும் சொல்லிக்கொடுக்கலாம்.

தையல் போட்ட நாலாம் நாள் நான் கொடுத்த மனுவுக்கு உங்கள் பதில் வந்தது: 'மேற்படி நாய் பயிற்சி பெற்ற சேவை நாய் என்பதற்கான சான்றிதழை ஏழு நாட்களுக்குள் சமர்ப்பிக்கவும்.' மாநகராட்சி உரிமம் இருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டை இருக்கிறது. கருத்தடை செய்த ரசீது இருக்கிறது. நீங்கள் கேட்கிற காகிதம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் வலிப்பு நோய் என்று பெயர் சொல்லி ஒரு வரி கிடையாது. பிள்ளைக்கே பட்டியலில் இடமில்லாதபோது நாய்க்குச் சான்றிதழ் எங்கே போய் வாங்குவது? அமெரிக்காவில் கடை, உணவகம் போன்ற பொது இடங்களில் சேவை நாயோடு வருகிறவரிடம் காகிதம் கேட்கக் கூடாது. அது அமெரிக்கா, விடுங்கள்.

இங்கேயும் ஒன்று இருக்கிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரும்பான்மையோர் தீர்மானம் போட்டாலும் வளர்ப்பு நாயைக் குடியிருப்புச் சங்கம் தடைசெய்ய முடியாது. லிஃப்டை மறுக்கவும் முடியாது, அதற்குத் தனியாகக் காசு வாங்கவும் முடியாது. வளர்ப்புப் பிராணிகளைத் தடைசெய்யும் சங்க விதிகள் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது. மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. வழக்குப் போட்டு வாங்குகிற லிஃப்டில், தினமும் எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். எனக்கு அது வேண்டாம்.

பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஏ பிளாக் பையனைத் தெருநாய் கடித்து ஊசி போட அலைந்தது எனக்கும் மறக்கவில்லை. லிஃப்டில் யாராவது இருந்தால் அடுத்த தடவைக்குக் காத்திருப்போம். கயிறு ஒரு முழத்துக்கு மேல் விட மாட்டேன். முடி விழுந்தால் நானே துடைப்பேன். வாய்க்கூடு மட்டும் கேட்காதீர்கள். அவன் சொல்வதே நக்கித்தான்.

ஆனால் இதே லிஃப்டில் என்னவெல்லாம் ஏறியிருக்கிறது என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. சிமென்ட் மூட்டை ஏறியிருக்கிறது. எப்போதும் ஒழுகுகிற தண்ணீர் கேன் ஏறுகிறது. போன ஆவணியில் மூன்றாவது மாடி கிரகப்பிரவேசத்துக்குக் கன்றுக்குட்டி ஏறியது. அது உள்ளேயே சாணம் போட்டபோது லட்சுமி கடாட்சம் என்றீர்கள், நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நாயின் முடியால்தான் ஃபிட்ஸ் வருகிறது என்று குரூப்பில் ஒருவர் போட, பதினான்கு பேர் கைகூப்பினார்கள். இதையெல்லாம் ஊரறிய எழுதாதே, பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது கஷ்டம் என்று ஓர் அம்மா வீடு தேடி வந்து சொன்னார். இந்துத் திருமணச் சட்டத்தில் அடிக்கடி வலிப்பு வருகிறவர் திருமணத்துக்குத் தகுதியில்லாதவர் என்றொரு வரி இருந்தது உண்மைதான். 1999இல் நாடாளுமன்றமே அதை எடுத்துவிட்டது. பி பிளாக்குக்குத்தான் இன்னும் தகவல் வந்து சேரவில்லை. அந்த அம்மாவுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சரி, எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். என் மகள் லிஃப்டில் போகும்போது சுண்டலும் அவளோடு போக அனுமதியுங்கள். அறிவிப்பை முழுக்கக் கிழிக்கச் சொல்லவில்லை. அதன் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்தால் போதும். நாங்கள் கட்டிய 500 ரூபாயையும் திருப்பிக் கேட்கவில்லை. தையல் போட்ட அன்று ராத்திரி மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது அவள் அப்பா மூவரையும் ஒன்றாக லிஃப்டில் ஏற்றினார், அதற்கான அபராதம் அது. ரசீது பத்திரமாக இருக்கிறது.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மொட்டை மாடியில் பொதுக்குழு என்று போட்டிருக்கிறீர்கள். என் மகளும் வருவாள், நோட்டை அவளே காட்டுவதாகச் சொல்கிறாள். சுண்டலும் வருவான். நாங்கள் லிஃப்டில் வரலாமா, படியில் வர வேண்டுமா என்று சனிக்கிழமைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பி பிளாக், நான்காவது மாடியிலிருந்து
ஓர் அம்மா