திரைக்குப் பின்னால் நின்று பாடியவர்கள்

ஸ்ரீரங்கம்
மார்கழி 9

அன்புள்ள கமலா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இனி அரைமண்டியில் நின்று பிள்ளைகளுக்கு அடவு காட்ட முடியாது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, பேத்தி கைப்பேசியில் 'சிங்கிங் இன் த ரெயின்' படத்தைப் போட்டுக் காட்டிய கதைக்குத் தாவிவிட்டாய். அந்த ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். அதைப் பற்றி நேரில் பேசுவோம். இத்தனை சந்தோஷமான படத்தைப் பார்க்கும்போது இப்போது மட்டும் ஏன் கண் கலங்குகிறது என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில், சாம்பார் வாசனை போகாத அந்தச் சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டி அந்தப் படத்தைக் காட்டினார்களே, நினைவிருக்கிறதா? நாயகன் ஜீன் கெல்லி விளக்குக் கம்பத்தில் தாவி ஏறிய அந்த நொடியில் ஃபிலிம் அறுந்துபோனது. ஒட்டி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்த இருட்டில் நீ எழுந்து, கையில் குடை இருப்பதாகப் பாவித்துக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே அவர் ஆடியதை அப்படியே ஆடிக் காட்டினாய். ஒரே ஒருமுறை பார்த்த ஆட்டம் உன் காலுக்குள் அப்போதே இறங்கிவிட்டிருந்தது.

1952இல் வெளிவந்த படம். அந்த மழைக் காட்சியைப் பட்டப்பகலில், எம்.ஜி.எம். பட நிறுவன வளாகத்துத் தெருவைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடி இரவாக்கி எடுத்தார்கள். அவர் குதிக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும் என்பதற்காகத் தரையில் குழிகளை வெட்டினார்கள். கெல்லிக்கு அப்போது 103 டிகிரி காய்ச்சல். நனைந்த கம்பளி உடுப்பு உடம்பிலேயே சுருங்க, அவர் முகத்தை வானத்தை நோக்கித் தூக்கிச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் காய்ச்சலின் சாயலைத் தேடி எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

ஹாலிவுட் நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டேரை நீ ஏன் எல்லாருக்கும் மேலாக வைக்கிறாய் என்பது எனக்குப் புரிவதற்குப் பல வருடங்கள் ஆயின. நடனக் காட்சியில் தலை முதல் கால் வரை முழு உடம்பும் படச்சட்டத்துக்குள் இருக்க வேண்டும், ஆட்டத்தை இயன்றவரை வெட்டாமல் நீளமாகவே காட்ட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். முகத்தைக் கிட்டத்தில் காட்டிவிட்டுக் கால்களைத் தனியே காட்டும் வித்தையெல்லாம் அவரிடம் செல்லாது. அபிநயத்தையும் அடவையும் பிரித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் உறுப்புகள்தான் என்று தட்டுக்கழியால் பலகையைத் தட்டி நீ பிள்ளைகளுக்குச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். ஆர்.கே.ஓ. என்ற ஹாலிவுட் பட நிறுவனத்தில் 1930களிலேயே ஒரு மனிதர் அதையே படப்பிடிப்புத் தளத்தில் விதியாக வைத்திருந்தார். அந்த விதிக்கு விலையும் உண்டு. 1936இல் வந்த 'ஸ்விங் டைம்' படத்தில், பிரிவுக்கு முன்னால் அவரும் அவருடைய ஜோடி ஜிஞ்சர் ராஜர்ஸும் ஆடும் கடைசி நடனத்தின் முடிவு சரியாக அமைவதற்கு 47 முறை எடுக்க வேண்டியிருந்தது. ஜிஞ்சர் ராஜர்ஸின் காலணிக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சலங்கை கட்டிய உன் கணுக்காலில் நான் மஞ்சள் பற்றுப் போட்ட இரவுகளை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அதே அஸ்டேர்தான், தேர்ந்த நடனக்காரியல்லாத பத்தொன்பது வயதுப் பெண்ணான, 'சிங்கிங் இன் த ரெயின்' நாயகி டெபி ரெனால்ட்ஸ் ஒருநாள் பியானோவுக்கு அடியில் ஒளிந்து அழுதுகொண்டிருப்பதைக் கண்டு, தன் ஒத்திகைக்கு அழைத்துப் போனார். வெளியார் யாரையும் உள்ளே விடாத அந்த அறையில், தான் வியர்த்துத் திணறுவதை அவளைப் பார்க்க வைத்தார். அந்தப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பாடம் வேறில்லை என்று நினைக்கிறேன்.

கமலா, நீ ஆட்டக்காரி, நான் பாட்டுக்காரி. உனக்கு அந்தப் படங்கள் கால்களின் கதை என்றால் எனக்கு அவை குரல்களின் கதை. 'சிங்கிங் இன் த ரெயின்' எதைச் சொல்கிறது? பேசும் படம் வந்தபோது, கீச்சுக் குரல்கொண்ட நட்சத்திரத்துக்காகத் திரைக்குப் பின்னால் நின்று ஒரு புதிய பெண் குரல் கொடுக்கிறாள். இறுதியில் திரை விலகி, அந்தக் குரலுக்கு உரியவள் யார் என்பது ஊருக்குத் தெரிகிறது. விடுதியில் அந்த இடத்தில் நாம் எல்லாரும் கைதட்டினோம். ஆனால் அந்தப் புதிய பெண்ணாக நடித்த டெபி ரெனால்ட்ஸ் நட்சத்திரத்துக்காகப் பின்னணி பாடுவதாக வரும் பாட்டை உண்மையில் பாடியவர் பெட்டி நோய்ஸ் என்ற பாடகி. அவர் பெயர் படத்தில் எங்கும் இல்லை. வசனக் காட்சியில் டெபி குரல் கொடுப்பதாகக் காட்டும் இடத்திலோ, கீச்சுக் குரல்காரியாக நடித்த ஜீன் ஹேகனே தன் சொந்தக் குரலில் பேசியிருக்கிறார். அவருடைய இயல்பான குரல் அத்தனை இனிமையானது. மறைந்து நிற்கும் குரலுக்கு நியாயம் கேட்ட படமே ஒரு குரலை மறைத்து வைத்தது தெரிய வந்தபோது, எனக்குக் கோபம் வரவில்லை, தொண்டைதான் அடைத்தது.

கோடம்பாக்கத்தில் நான் கோரஸ் பாடிய பதினோரு வருடங்களில், ஒரே மைக்கின் முன்னால் நாலைந்து பேர் தோளோடு தோள் உரச நின்று பாடுவோம். இசைத்தட்டில் எங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெயர்தான் இருக்கும்: குழுவினர். ஆனாலும் நம் ஊரில் பின்னணி பாடுவது மறைக்க வேண்டிய காரியமாக இருந்ததில்லை. சுசீலா அம்மாவின் பாட்டு என்றுதான் சொன்னோமே தவிர, திரையில் வாயசைத்தவரின் பாட்டு என்று யாரும் சொல்லவில்லை. ஹாலிவுட்டில் அது இரகசியம். 'த கிங் அண்ட் ஐ' படத்தில் டெபோரா கெருக்காகவும், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட்டுக்காகவும், 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்காகவும் பாடியவர் மார்னி நிக்சன் என்ற ஒரே பெண். முதல் படத்தின்போது, வெளியே சொன்னால் இந்த ஊரில் பிழைக்க முடியாது என்று அவரை மிரட்டியிருக்கிறார்கள். அந்த மௌனத்தை உடைத்தவர் டெபோரா கெரே. பாடியது நிக்சன் என்று பத்திரிகைகளுக்கு அவரே சொன்னார். அந்த ஒரு செயலுக்காக டெபோராவை நான் என்றும் வணங்குவேன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒத்திகை பார்த்தார்களாம். டெபோராவின் தொண்டை எப்படி அசைகிறது, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்பதையெல்லாம் நிக்சன் கவனித்துப் பாடினார். அடுத்தவரின் மூச்சை வாங்கிப் பாடுவது என்பது எத்தனை நுட்பமான வேலை என்று கோரஸில் நின்றவர்களுக்குத் தெரியும்.

'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நேர்ந்தது கொடுமை. நடாலி வுட் தன் குரலே படத்தில் வரும் என்று நம்பிப் பாடிப் பதிவு செய்தார். பிறகு அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் நீக்கிவிட்டு நிக்சனின் குரலை வைத்தார்கள். இரண்டு பெண்களுக்குமே அது அநீதி. இசைத்தட்டு விற்பனையில் நிக்சனுக்குப் பங்கு கிடையாது என்றபோது, இசையமைப்பாளர் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் தன் பங்கிலிருந்து ஒரு சிறு பகுதியை அவருக்கு எழுதிக்கொடுத்தார்.

மறைக்கப்பட்டவை குரல்கள் மட்டுமல்ல. கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் எம்.ஜி.எம். படங்களில் பெரும்பாலும் கதையோடு ஒட்டாமல், ஏதாவது ஒரு தூணருகே நின்று ஒரு பாட்டைப் பாடிவிட்டுப் போவார். அமெரிக்கத் தென்மாநிலத் திரையரங்குகளில் ஒரு கறுப்பினப் பெண்ணின் காட்சியைச் சுலபமாக வெட்டி எறிவதற்கு வசதியாகவே அப்படிப் படமாக்கினார்கள். கறுப்பின நடனக் கலைஞர்களான நிக்கலஸ் சகோதரர்கள் 1943இல் 'ஸ்டார்மி வெதர்' படத்தில் ஒருவரையொருவர் தாண்டித் தாண்டிப் படிக்கட்டில் கால் விரித்து இறங்குவதை உன் பேத்தியிடம் தேடிப் போட்டுக் காட்டச் சொல். நீ மூச்சுவிட மறந்துபோவாய்.

அழுகை ஏன் என்ற உன் கேள்விக்கு எனக்குத் தோன்றுவது இதுதான். அப்போது நாம் திரையில் இருந்தவர்களை மட்டும் பார்த்தோம். இப்போது திரைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களும் நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் நமக்குப் பழக்கமானவர்கள்.

மார்னி நிக்சன் முகம் காட்டிய ஒரு படம் உண்டு. 1965இல் வந்த 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தின் கன்னிமாடத்தில், மரியாவைப் பற்றிக் கன்னியர் சேர்ந்து பாடும் பாட்டில் சிஸ்டர் சோஃபியாவாக வருவார். நாம் அதை மூன்று தடவை பார்த்தோம்; அவர்தான் என்று தெரியாமலேயே பார்த்திருக்கிறோம்.

தை பிறந்ததும் நான் அங்கே வருகிறேன். மருத்துவர் சொன்ன பயிற்சிகளை விடாதே, காலைத் தொங்கவிட்டு அதிக நேரம் உட்காராதே. நாரத்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி எடுத்து வருகிறேன். பேத்தியிடம் சொல்லி 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கைத் தயாராக வைக்கச் சொல். அந்தக் கன்னிமாடக் காட்சி வந்ததும் படத்தை நிறுத்தி, சிஸ்டர் சோஃபியாவின் முகத்தை நாம் இருவரும் ஆசை தீரப் பார்க்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
வசந்தா