கோப்பையில் அச்சேறாத சொற்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்துக்கு வேலைக்குப் போகும் செவிலியர்கள் அங்குள்ள கொச்சைப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சுத்தமான ஆங்கிலம் பழக வேண்டும் என்று உங்கள் இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தெற்கு யார்க்‌ஷயரில் 20 வருடங்களுக்கு மேல் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அவரோடு எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது.

முதல் குளிர்காலம், இரவுப் பணி. பார்ன்ஸ்லி பக்கத்துப் பெரியவர், சுரங்கத்தில் வேலை செய்தவர், "ஐயாம் ஸ்டார்வ்ட், லவ்" என்றார். (அங்கே ஆம்பிளையைக்கூட 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள், அது தெரியாமல் முதல் வாரம் கூனிக்குறுகிப் போனேன்.) பாவம், பசி போலிருக்கிறது என்று ரொட்டி வாட்டி, வெண்ணெய் தடவி எடுத்துப்போனேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போர்வையைத் தாடை வரைக்கும் இழுத்துக் காட்டினார். அவருக்குக் குளிர்! வடக்கு இங்கிலாந்தின் பழைய பேச்சில் குளிரில் விறைத்துப் போனாலும் 'ஸ்டார்வ்ட்'தான். அந்தச் சொல்லுக்கு ஆதியில் சாவது என்றே பொருளாம். பொதுவழக்கில் அது பசியோடு சுருங்கிவிட்டது, வடக்கத்திக்காரர்கள் குளிரையும் விடாமல் வைத்திருந்தார்கள். ஆக, அரைகுறை ஆங்கிலம் என்னுடையதுதான்.

இன்னொரு பாட்டி ராத்திரி முழுக்க 'கிப்' செய்ததாகச் சொன்னார். வாந்தி என்று குறிப்பில் எழுதப் போனேன். கூட இருந்த உள்ளூர் உதவியாளர் தடுத்தார். கிப் என்றால் ஓங்கரிப்பு, வெளியே ஒன்றும் வராது. வாந்தியும் ஓங்கரிப்பும் ஒன்றா? நோயாளி சரியாகத்தான் சொன்னார்.

இந்தப் பேச்சைப் படிக்காதவர்களின் பிழை என்பவர்கள் ஜோசப் ரைட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1855இல் பிராட்ஃபோர்ட் பக்கம் பிறந்தவர், சின்ன வயதிலேயே ஆலை வேலைக்குப் போனவர், 15 வயதுவாக்கில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர். பின்னால் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராகி, 1898 முதல் 1905 வரை ஆங்கில வட்டாரச் சொல் அகராதியை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அப்புறம் லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1950 தொடங்கிப் பத்துப் பதினோரு வருடம், 313 ஊர்களில் 1,300க்கும் மேற்பட்ட கேள்விகளோடு பெரியவர்களிடம் உட்கார்ந்து எழுதினார்கள். சொல்லைத் தாங்கள் உச்சரிக்காமல், பொருளை விவரித்து, "இதை நீங்கள் என்னவென்பீர்கள்?" என்று கேட்பது அவர்கள் வழி. ஆனால் போனதெல்லாம் பெரும்பாலும் கிராமங்களுக்கு. விவசாயச் சொற்கள் நிறைய சிக்கின.

இப்போது யார்க்‌ஷயர் பேச்சைக் கொண்டாடவும் செய்கிறார்கள். 'ஏ அப்' (வணக்கம்), 'நவுட்' (ஒன்றுமில்லை) என்று அச்சடித்த தேநீர்க் கோப்பைகளும் துடைக்கும் துணிகளும் கடைகளில் தொங்குகின்றன. நானும் வாங்கியிருக்கிறேன், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் சிரிப்பு வருகிற சொற்கள்தான் கோப்பையில் ஏறுகின்றன. ஓங்கரிப்பை யார் அச்சடிப்பார்கள்? வலியும் குளிரும் சேரும் நடுராத்திரியில்தான் பெரியவர்கள் தாய்வீட்டுப் பேச்சுக்குத் திரும்புகிறார்கள். அந்நேரம் பக்கத்தில் நிற்பது யார்? பல இடங்களில் நம்மூர்ப் பிள்ளைகள்தான்.

அவர்களுக்கு என் வேண்டுகோள்: புரியாத சொல் வந்தால் தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். என்ன பொருள் என்று கேளுங்கள், அவர்களுக்கும் அது பிடிக்கும். ஒரு நோட்டில் எழுதுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம், பிறந்த ஊரும் சொல்லும் போதும்.

என் நோட்டில் முதல் பக்கச் சொல் 'நெஷ்'. குளிருக்குத் துளியும் தாங்காத ஆள் என்று பொருள். அங்கேயே பிறந்த என் பேரன் அந்தச் சொல்லைச் சரளமாகச் சொல்கிறான், நான் ஸ்வெட்டரைத் தேடும்போதெல்லாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தெற்கு யார்க்‌ஷயர், இங்கிலாந்து