மூடாத பெட்டி

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. அம்மாவின் முழங்கால் ஆபரேஷனில் நாட்கள் ஓடிவிட்டன. இப்போது கம்பு இல்லாமல் நடக்கிறார்கள். பத்மா அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வராததை அக்கா மறக்கவில்லை. அதை நீயே சமாளித்துக்கொள்.

பத்து வருஷம் கழித்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு இணையதளம் கட்டித் தரப்போவதாக எழுதியிருந்தாய். இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் ஆறாம் பதிப்பு வந்துவிட்டதா, எந்தப் புத்தகம் வாங்கலாம் என்றும் கேட்டிருந்தாய். நாலு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை முருகேசன் சார் வந்து போனபின் நாலு வரி போதாது என்றாகிவிட்டது.

சாருக்குக் கண் நீர் அழுத்தம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரிகிறதாம். ஆனாலும் மனிதர் ஓயவில்லை. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரைப் பழகிக்கொண்டு தினமும் கணினியில் உட்காருகிறார். மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006-இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது என்று எனக்கே பாடம் நடத்தினார். பிறகு, "நீங்கள் ரெண்டு பேரும் செய்த வாசகசாலைத் தளத்தைத் திற, கேட்கிறேன்" என்றார்.

டவுன்ஹால் ரோடு மாடி அறையில் நாம் ராப்பகலாகக் கட்டினோமே, அதேதான். பெருமையோடு திறந்தேன். தலைப்பு, நூல்களின் பெயர், திறக்கும் நேரம் எல்லாம் தமிழில் இருக்கின்றன. குரல் அத்தனையையும் தாண்டிப் போய் எண்களை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னது. பக்கத்தின் முதல் டேகில், அதாவது எச்டிஎம்எல் கட்டளைச் சொல்லில், மொழியைச் சொல்லும் லாங் என்ற இடத்தில் ஆங்கிலத்துக்கான 'ஈஎன்' என்று இருந்தது. எங்கிருந்தோ எடுத்த மாதிரிப் பக்கத்தில் இருந்ததை நாம் மாற்றவே இல்லை. அதைத் தமிழுக்கான 'டிஏ' என்று மாற்றியதும் தமிழ்க் குரல் படிக்கத் தொடங்கியது. இரண்டே எழுத்து, சாந்தி! அத்தனை வருஷமாக நம் தளம் அவரைப் போன்றவர்களுக்கு ஊமையாக இருந்திருக்கிறது.

அடுத்து உறுப்பினர் பெட்டியைத் திறந்தார். மற்ற எல்லாவற்றுக்கும் மேலே நிற்கட்டும் என்று அடுக்கு எண் 9999 கொடுத்தாயே, உன் அந்தப் பெட்டிதான். செல்வி அதற்குப் போட்டியாக இன்னொரு 9 சேர்த்தாளே, அது. பெட்டி திறந்தது என் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் காதுக்குத் தெரியவில்லை. டேப் விசையை அழுத்த அழுத்தக் குரல் பின்னால் இருந்த பக்கத்து இணைப்புகளிலேயே சுற்றியது. மூடும் குறியும் பட்டன் அல்ல, டிவ் என்ற டேகால் ஆன வெறும் கட்டம் என்பதால் விசைப்பலகை அதைத் தொடவே இல்லை. எஸ்கேப்பை நாலு தடவை அழுத்திவிட்டு, "மூடிவிட்டதாம்மா?" என்று கேட்டார். நான் மவுஸால் மூடினேன். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

ஆகவே, நீ முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இப்படிப்பட்ட பெட்டிக்கென்றே இருக்கும் டயலாக் என்ற டேக். குரோம் 2014-இலேயே சேர்த்துவிட்டது. ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் 2022 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தன. அதை ஷோமோடல் என்ற ஒரே ஜாவாஸ்கிரிப்ட் அழைப்பால் திறந்தால், பின்னால் உள்ள பக்கம் முழுவதையும் பிரவுசரே செயலற்றதாக்கிவிடுகிறது. கர்சர் பெட்டிக்குள் போகிறது, எஸ்கேப் மூடுகிறது, மூடியதும் எந்தப் பட்டனை அழுத்தித் திறந்தோமோ அங்கேயே திரும்புகிறது. பெட்டி எல்லாவற்றுக்கும் மேலான தனி அடுக்கில் நிற்பதால் 9999-க்கு வேலையே இல்லை. ஒன்று மட்டும் கவனம்: ஓப்பன் என்று டேகில் எழுதிவிட்டால் பெட்டி தெரியும், ஆனால் இந்தக் காவல் எதுவும் வராது. நான் அதில் அரை நாள் இழந்தேன். மூடுவதற்கு, பெட்டிக்குள் இருக்கும் ஃபார்மில் மெத்தட் என்ற இடத்தில் டயலாக் என்று கொடுத்தால் போதும்.

வாசகசாலைப் பெட்டியை இப்படி மாற்றியபோது நம் ஜாவாஸ்கிரிப்டில் பெரும்பகுதி கழிந்தது. மூடும் குறியைப் பட்டனாக்கினேன். பட்டன் புதிய டேக்கூட இல்லை. 1997-இல் வந்த எச்டிஎம்எல் நான்கிலேயே இருக்கிறது. டிவ்வுக்கு அலங்காரம் செய்து அதைப் பட்டனாக நடிக்க வைத்தது ஏன் என்று இப்போது யோசித்தால் கோபம்தான் வருகிறது.

மெனு, சின்னக் குறிப்பு போன்றவற்றுக்கு பாப்ஓவர் என்ற பண்பு இருக்கிறது. பட்டனில் பாப்ஓவர்டார்கெட் என்று எழுதி அந்த மெனுவின் ஐடியைக் கொடுத்துவிட்டால் ஒரு வரி ஸ்கிரிப்ட் இல்லாமல் திறக்கும், வெளியே தொட்டால் மூடும். கேள்வி-பதில் பகுதிக்கு, தொட்டால் விரியும் டீடெய்ல்ஸ் டேக். எல்லாவற்றுக்கும் ஒரே நேம் கொடுத்தால் ஒன்று திறக்கும்போது மற்றது தானாக மூடிக்கொள்ளும். தேடுபெட்டியைச் சுற்றிப் போட சர்ச் என்று ஒரு டேக் 2023-இல் சேர்ந்தது. பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் ஹெடர், நேவ், மெயின், ஃபூட்டர் டேகுகள் உனக்குத் தெரியும். சார் ஒரு விசையைத் தட்டித் தட்டியே மெயினுக்குத் தாவுகிறார் என்பதைப் பார்த்தபின்தான் அவை எதற்கு என்று எனக்கு உறைத்தது. அதற்காக எல்லா டிவ்வையும் செக்‌ஷன் ஆக்கிவிடாதே. தலைப்பு இல்லாத செக்‌ஷனால் யாருக்கும் பயனில்லை.

எச்டிஎம்எல் ஆறு வராது. எச்டிஎம்எல்லின் கண்டிப்பான வடிவமான எக்ஸ்எச்டிஎம்எல் மேல் உனக்கு இருந்த பக்தி எனக்குத் தெரியும். வரியை முறிக்கும் பிஆர் டேகை மூடாததற்கு நீ என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அதன் இரண்டாம் பதிப்பை 2009-இல் கைவிட்டுவிட்டார்கள். ஆப்பிள், மொசில்லா, ஓப்பரா ஆட்கள் 2004-இல் தனியாகத் தொடங்கிய குழுவின் வழிதான் நிலைத்தது. எச்டிஎம்எல் ஐந்தை, இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 2014 அக்டோபரில் வெளியிட்டது. 2019-இல் டபிள்யூ3சியும் அந்தக் குழுவும் கைகோத்து, இனி ஒரே தரம், பதிப்பு எண் கிடையாது, திருத்தம் தொடர்ந்து வரும் என்று முடிவு செய்தன. ஆகையால் புத்தகம் வாங்காதே, அச்சாகி வருவதற்குள் பழசாகும். இணைய மொழிகளை விளக்கும் எம்டிஎன் தளத்தில் ஒவ்வொரு டேகுக்கும் 'பேஸ்லைன்' என்று ஒரு குறி இருக்கிறது. முக்கியப் பிரவுசர்கள் அனைத்திலும் வந்து 30 மாதம் ஆனபின்தான் அது பரவலாகக் கிடைப்பது என்று போடுவார்கள். உன் பள்ளிக்கூடத்துப் பெற்றோர்களிடம் பழைய போன்கள் இருக்கும், அதனால் அந்தக் குறியைப் பார்த்தே எதையும் சேர்.

சார் வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு மறுபடி வருகிறார். "சாந்தி எங்கே?" என்று மூன்று தடவை கேட்டார். பள்ளித் தளத்தின் முதல் பக்கத்தையாவது முடித்து எடுத்துக்கொண்டு வா. திரையை அணைத்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்து கேட்போம். அப்படியே பத்மா அக்காவையும் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
கலா